காரியம் இல்லாத ஒரு நாள்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பிறந்த வீட்டில் போய் இறங்கும் பெண் கேட்கும் முதல் வார்த்தை, "நீ பேசாம உட்காரு" என்பதுதான். வருஷம் முழுக்க வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிறவள் இங்கேயாவது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்ற பெரிய மனசு அது. எங்கள் விருதுநகர் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான். வெளியே கத்திரி வெயில். மாடியில் கூழ் வடகம் காய்ந்துகொண்டிருக்கும். கீழே பத்துப் பேருக்கு மூன்று வேளையும் உலை கொதிக்கும். யாரைப் பார்ப்பதற்காகச் சென்னையிலிருந்து ராத்திரி ரயிலேறி வந்தோமோ, அவர்கள் அடுப்படியை விட்டு வெளியே வருவதே இல்லை.

அம்மாவோடு பேச்சு என்றால் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு பேசுவதுதான். அதுவும் முழுப் பேச்சாக இருக்காது. "உனக்கு அந்த முழங்கால் வலி..." என்று தொடங்குவார். அதற்குள் தாளிக்கிற எண்ணெய் காய்ந்துவிடும். "சரி, நீ போ, புகை அடிக்குது" என்று முடித்துவிடுவார். ராத்திரி அண்ணன் எண்ணெய் புரோட்டா வாங்கி வருகிற அன்றைக்கு மட்டும் அடுப்புக்கு விடுமுறை. அன்றைக்கும் தட்டு எடுத்து வைத்து, சால்னாவைப் பங்கு பிரித்து, கடைசியில் உட்காருகிறவர்கள் அம்மாவும் மதினியும்தான்.

தாய் வீட்டுச் சுகம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தச் சுகத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். எங்கள் வீட்டில் அது மதினி. அம்மாவுக்காவது மகள் வந்திருக்கிறாள், பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்ற சந்தோஷம் களைப்பை மறக்கடிக்கும். மதினிக்கு அது கூடுதல் வேலை. அவரும் ஒரு வீட்டின் பெண்தான். அவர் தன் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டிய நாட்களும் இதே மே மாதத்தில்தான் இருக்கின்றன. நாத்தனார் ஊருக்குத் திரும்பும் வரை அவை தள்ளிப்போகும். இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

"இன்னைக்கு நாங்க சமைக்கிறோம், நீங்க ரெண்டு பேரும் உட்காருங்க" என்று சொன்னால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். தீராது. அந்த அடுப்படியில் புளி எந்தச் சாடியில், பழைய புளி எதில் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நான் உள்ளே நுழைந்தால் அம்மா வெளியே போய் உட்காரமாட்டார், என் பக்கத்தில் வந்து நிற்பார். அவருடைய இடத்திலிருந்து அவரைக் கிளப்புவது அவருக்கு ஓய்வாகாது. உபசரிக்கிறவர், உபசரிக்கப்படுகிறவர் என்ற இந்தப் பிரிவு அந்த வீட்டுச் சுவருக்குள் இருக்கும் வரை மாறாது என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் எல்லோருமாக ஒரு நாள் மதுரைக்குப் போகலாம் என்றேன்.

"மதுரைக்கா? என்ன காரியமா?" என்றார் அம்மா.

விருதுநகர்க்காரர்களுக்கு மதுரை ஊர் சுற்றும் இடமே இல்லை. ஐம்பது கிலோமீட்டர்கூட முழுதாக இருக்காது. ஆனாலும் காரியம் இல்லாமல் அங்கே யாரும் போவதில்லை. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க, நகை வாங்க, கண்புரை என்றால் அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு, உள்ளூர் டாக்டர் கைவிரித்தால் பெரியாஸ்பத்திரிக்கு. போன காரியம் முடிந்த உடனே பஸ் ஏறிவிட வேண்டும். சுற்றிப் பார்க்க என்றால் கொடைக்கானல் இருக்கிறது, குற்றாலம் இருக்கிறது. பக்கத்து ஊரைப் போய் யாராவது பார்ப்பார்களா? வாழ்நாளெல்லாம் போய்வரும் ஊரில் ஒரு பகலைச் சும்மா கழிப்பது வீண் செலவு என்ற எண்ணம் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் அவ்வளவு ஊறியிருக்கிறது. ஆண்களிடம் இல்லை. அவர்கள் டீக்கடையில் காரணமே இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்காரலாம்.

அண்ணன் வேன் பேசலாம் என்றான். வேண்டாம், ரயிலில் போவோம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வேனில் எல்லோரும் முன்பக்கம் பார்த்து உட்காருவோம். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்க்கலாம். காலை ரயிலில் கள்ளிக்குடி தாண்டியதுமே அம்மாவின் கைக்கு வேலை இல்லாத சங்கடம் தெரிந்தது. முந்தானையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். திருப்பரங்குன்றம் மலை ஜன்னலுக்கு வெளியே வந்தபோது, கடைக்குட்டியை மடியில் இருத்தி மலையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறுவதற்குள் நாயக்கர் மஹால். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியது. பின்னால் அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இந்த மாளிகையின் பெரும்பகுதியைப் பிரித்துவிட்டார். மிஞ்சியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்க வைத்தார். இன்றைக்கு நாம் பார்ப்பது பழைய மாளிகையில் கால்வாசிதான் என்கிறார்கள். அந்தக் கால்வாசிக்குள் நுழைந்தாலே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. செங்கலும் சுதையுமாகத் தடித்த தூண்கள். நடுமுற்றத்தில் வெயில் கொட்ட, சுற்றிலும் தாழ்வாரம் குளிர்ந்து கிடந்தது.

பிள்ளைகள் தூணைக் கட்டிப்பிடித்துக் கை எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நடுவில் நின்றுவிட்டார். மேற்கு, கிழக்கு என்று திசை பார்ப்பதுபோல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இங்க நான் வந்திருக்கேன்" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. மஹாலுக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை என்றுதானே ரயிலில் சொன்னார்?

"மஹாலுன்னு அப்ப யாருக்குத் தெரியும்? கோர்ட்டுன்னுதான் எங்கய்யா கூட்டிட்டு வந்தாரு."

1970 வரை மாவட்ட நீதிமன்றம் இந்த மாளிகைக்குள்தான் நடந்தது. தாத்தாவுக்குக் கிராமத்தில் ஒரு வரப்புத் தகராறு, அது வழக்காகி மதுரை வரை வந்திருக்கிறது. இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்த அம்மா, ஒரு வாய்தாவுக்கு அவர் விரலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். புளிச்சோற்றுப் பொட்டலம் அம்மா கையில். கூப்பிடும் வரை தூணுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்களாம். கறுப்புக் கோட்டு போட்டவர்கள் குறுக்கும் நெடுக்கும் போனார்களாம். வேளை தவறிப்போனது, பசித்தது. "சோத்தைப் பிரிப்போமாய்யா"ன்னு கேட்டதுக்கு, "சர்க்காரு இடத்துல திங்கக் கூடாது"ன்னுட்டாரு என்று அம்மா சொன்னபோது, எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படமாக மட்டுமே இருந்த தாத்தாவின் குரல் முதன்முதலாக எனக்குக் கேட்டது. வழக்கு தோற்றுப்போனது. நிலம் போனது. அதற்குப் பிறகுதான் அவர் குடும்பத்தோடு விருதுநகருக்கு வந்து மிளகாய் மண்டியில் கணக்கு எழுதப் போயிருக்கிறார்.

நாங்கள் விருதுநகர்க்காரர்கள் ஆனதே இப்படித்தான் என்று எனக்கும் அண்ணனுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐம்பதை நெருங்குகிற அண்ணன் அம்மாவின் கூடவே இருந்து வளர்ந்து, கூடவே வாழ்கிறவன். அவனும் கேள்விப்பட்டதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாரு கேட்டா?" என்றார் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் அடுப்படியில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய கதையா இது?

பெற்றோரின் கதைகள் அவர்களாகவே சொல்லாவிட்டால் போய்விடுகின்றன. அவர்களைச் சொல்ல வைக்க அன்பு இருந்தால் போதாது, இடமும் வேண்டியிருக்கிறது. ஒரு தூண், ஒரு தெரு, ஒரு கோர்ட்டு வாசல் என்று ஏதாவது எதிரே வந்து நின்றால்தான் ஞாபகம் அசைகிறது. நாமோ பெரியவர்களை வீட்டுக்குள் வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம், வெயிலில் அலையவிடக் கூடாது என்கிறோம். அக்கறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்கறையில் அவர்களுடைய பாதி வாழ்க்கை பேசப்படாமலே போகிறது.

மஹாலை விட்டு வெளியே வந்ததும், "எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க, தனியாப் போயிட்டு வர்றேன்" என்றார் மதினி. அண்ணன் எதற்கு என்று கேட்க வாயெடுத்தான், நான் தடுத்தேன். விளக்குத்தூண் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு ஜாக்கெட் துணி, முகத்தில் ஒரு தெளிவு. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் யாருக்கும் மனைவியோ மருமகளோ மதினியோ அத்தையோ இல்லை.

மத்தியானச் சாப்பாடு ஒரு மெஸ்ஸில். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறினார்கள். அம்மா சோற்றில் கை வைக்காமல் எங்கள் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரனுக்குக் கூட்டு வரவில்லை, மகனுக்கு அப்பளம் வரவில்லை என்று அவர் கண் ஒவ்வொரு இலையாகப் போனது. எழுந்து போய் எடுத்துவர அங்கே வழியில்லை. பரிமாறுகிற பையன், "அம்மா, நீங்க சாப்பிடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றான். அதற்குப் பிறகு சாப்பிட்டார். வத்தக்குழம்புக்கு இன்னொரு முறை சோறு கேட்டார். ரசத்தை நிதானமாகப் பிசைந்தார். எங்கள் எல்லோருடைய இலையும் மடிந்த பிறகும் அவர் மோருக்குத்தான் வந்திருந்தார். அம்மா வேகமாகச் சாப்பிடுகிறவர் என்று இத்தனை காலம் நாங்கள் நினைத்திருந்தோம். கடைசியில் உட்கார்ந்து பாத்திரம் ஒழிக்கிற அவசரத்தில் சாப்பிடுவதுதான் அந்த வேகம். அவருடைய சொந்த வேகம் வேறு.

பிற்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும். அதனால் டவுன் பஸ் பிடித்து காந்தி மியூசியம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. தொகை சின்னதுதான். ஆனால் ஒரு பெண் வெளியே கிளம்ப யாரிடமும் சில்லறை கேட்க வேண்டியதில்லை என்பதன் மதிப்பு, கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். மியூசியம் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்டது. காந்தி சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று இந்த மதுரையில்தான் என்பதையும், இங்கே வைத்திருக்கும் அவருடைய ரத்தக்கறை படிந்த துணியையும் பிள்ளைகளுக்குக் காட்டினான் அண்ணன். அவனுக்கு இவ்வளவு பொறுமையாக விளக்கத் தெரியும் என்பதை அவன் பிள்ளைகள் கொஞ்சம் வியப்பாகத்தான் பார்த்தார்கள்.

சாயங்காலம் மீனாட்சி கோயில். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றோம். நீண்ட வரிசை. பிள்ளைகள் வேறு வழியில்லாமல் அம்மாச்சியிடமும் அப்பத்தாவிடமும் கோர்ட்டுக் கதையின் மிச்சத்தைக் கேட்டார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். என் பிள்ளைகளுக்கு அம்மாச்சி, அண்ணன் பிள்ளைகளுக்கு அப்பத்தா. சாமி பார்த்த நேரத்தைவிட அந்த வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம், அதைப் பற்றி ஒருவருக்கும் வருத்தமில்லை.

திரும்பும் ரயிலில் அடுத்த கோடையைப் பற்றிப் பேச்சு வந்தது. வருகிற ஒவ்வொரு விடுமுறையிலும் முதல் வாரத்திலேயே இப்படி ஒரு நாளை ஒதுக்கிவிடுவது, மதினி தன் பிறந்த வீட்டுக்குப் போகும் தேதியை முதலில் குறித்துவிட்டு அதற்கேற்ப நான் டிக்கெட் எடுப்பது என்று முடிவானது. இரண்டாவதைச் சொன்னது அம்மா. எங்கே போவது என்பதை இனி மதினிதான் சொல்ல வேண்டும் என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் தூத்துக்குடி என்றார்.

"அங்க என்ன காரியம்?" என்றான் அண்ணன்.

"ஒரு காரியமும் இல்ல. கப்பல் பாக்கணும்" என்றார் மதினி. தூத்துக்குடிக்குக் காலையில் எந்த ரயில் இருக்கிறது என்று அம்மா பேரனிடம் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.