நீ என்பதும் நீர் என்பதும்

ஊத்துக்கோட்டையைக் கடந்து புத்தூர் நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள நாகலாபுரம், 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்திலும் இடம்பெற்ற ஆந்திர எல்லையூர். தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கும் இத்தகைய நிலப்பகுதியில், ஒரே நம்பிக்கையை உடைய கிறிஸ்தவர்கள் கடவுளை இரண்டு விதமாக முன்னிலைப்படுத்துகிறார்கள். தெலுங்கு விவிலியத்தில் அவர் 'நீவு', அதாவது தமிழின் 'நீ'. மரியாதைக்குரிய 'மீரு' என்ற சொல் அம்மொழியில் இருந்தும் வேண்டுதலில் அது பொதுவாக இடம்பெறுவதில்லை. தமிழ் விவிலியத்திலோ அவர் 'நீர்'. கடவுளிடம் மனத்தைத் திறந்து பேசுவது எப்படி என்ற பழைய கேள்வி, இங்கே ஒரு பிரதிப்பெயரில் வந்து நிற்கிறது.

'நீர்' என்பது முன்னிலைப் பன்மையாகத் தோன்றி, மரியாதை ஒருமையாக மாறிய சொல். நெல்லைச் சீமையிலும் யாழ்ப்பாணத்திலும் அது இன்றும் மனிதருக்கிடையே வழங்குகிறது. ஏனைய தமிழ்ப் பகுதிகளில் பேச்சு வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்து, ஆலய வழிபாட்டிலும் குடும்ப ஜெபத்திலும் மட்டும் உயிரோடு இருக்கிறது. தாய்மொழியான ஜெர்மனில் கடவுளை ஒருமையில் அழைத்துப் பழகிய ஃபப்ரிசியுஸ் (1711–1791), தமிழில் விவிலியத்தைப் பெயர்த்தபோது மரியாதை வடிவத்தையே கொண்டார். 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல், அவருடைய 'பராபரன்' என்ற சொல்லைத் 'தேவன்' என்று மாற்றியபோதும் 'நீர்' என்பதை விட்டுவிடவில்லை. பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கர் இதற்கு நேர்மாறாக, நெடுங்காலம் மரியாதைப் பன்மையில் சொல்லிவந்த கர்த்தர் கற்பித்த ஜெபத்தை 1966 முதல் ஒருமையில் சொல்லத் தொடங்கினார்கள்.

மரியாதை மனத்தைப் பூட்டிவிடுமா என்று ஐயுறுவது இயல்பே. மீன் உருவத் திருமாலுக்குரிய வேதநாராயணர் கோயிலால் பெயர்பெற்ற நாகலாபுரத்தில் இந்த ஐயத்துக்கு வைணவச் சொற்களே விடை தேட உதவுகின்றன: எட்ட முடியாத மேன்மையாகிய 'பரத்துவம்', எளியவர்க்கும் எளியனாய் இறங்கிவரும் தன்மையாகிய 'சௌலப்பியம்' என்ற இரண்டும் ஒரே இறைவனிடம் சேர்ந்திருப்பதாக ஆசாரியர்கள் கொண்டார்கள். பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து பின்னர் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, 1927இல் வெளியிட்ட நூலில் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கினார்; கடவுளோடு ஒன்றுதல் என்பது கரைந்து மறைவதன்று, அன்பில் நிலைத்திருக்கும் உறவே என்பது அவருடைய துணிபு. உறவுக்கு இருவர் வேண்டும் என்பதால், அங்கே அழைக்கும் சொல்லும் வேண்டும்.

எல்லாம் அறிந்தவரிடம் எதைச் சொல்வது என்ற கேள்விக்கு இங்கிருந்தே வழி பிறக்கிறது. கேட்பதற்கு முன்பே பிதா அறிந்திருக்கிறார் என்று கற்பித்த அதே மலைப்பிரசங்கத்தில்தான் இயேசு ஜெபத்தையும் கற்பித்தார். தம் 'அறிக்கைகள்' நூல் முழுவதையும் கடவுளை நோக்கியே எழுதிய அகுஸ்தீன் இந்த முரணை வெளிப்படையாகவே எடுத்துப் பேசினார். வேண்டுதல் கடவுளுக்குச் செய்தி தெரிவிப்பதற்கன்று என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினா வரையறுத்தார். அப்படியானால் திறக்கப்படுவது சொல்பவரின் நெஞ்சமே: தனக்கே ஒப்புக்கொள்ளாத பொறாமையையோ அச்சத்தையோ இன்னொருவரை முன்னிலைப்படுத்திச் சொல்லும்போது, சொல்பவர் அதை முதன்முறையாகத் தம் காதால் கேட்கிறார்.

இதனாலேயே, கூட்டங்களில் பலர் முன்னே தம் வாழ்வில் நடந்ததைச் சொல்லும் 'சாட்சி' என்ற வழக்கத்தைவிடத் தனி ஜெபம் கடினமானது என்று கருத இடமுண்டு. சாட்சிக்குக் கேட்போர் இருக்கிறார்கள். கதைக்கு நல்ல முடிவும் பெரும்பாலும் இருக்கிறது. தனி ஜெபத்துக்காக மத்தேயு ஆறாம் அதிகாரம் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொல்லும் 'அறைவீடு', ஓரறை வீட்டில் வாழும் கூலிக் குடும்பத்துக்கு இல்லை என்பதையும் உபதேசிப்போர் நினைக்க வேண்டும். அடுப்பெரியும் விடியற்பொழுதோ, பேருந்துக்குக் காத்திருக்கும் கால்மணியோதான் அவர்களுடைய அறைவீடு.

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு புலம்பல்கள் என்பது, முறையீடும் வழிபாடே என்பதற்குப் போதிய சான்று. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆறுதல் வரி ஒன்றுகூட அதன் இறுதியில் சேர்க்கப்படவில்லை. உதடுகள் மட்டும் அசைய அழுத அன்னாளைக் குடித்திருப்பவள் என்று ஆசாரியன் ஏலி தவறாக எண்ணினான்; திறந்த நெஞ்சம் பார்ப்பவருக்கு ஒழுங்காகத் தெரிவதில்லை. சைவத்திலும் இறைவனோடு வழக்காடிய சுந்தரருக்கு 'வன்தொண்டர்' என்ற பெயர் பெருமையாகவே நின்றது. தமிழ் விவிலியத்தின் யோபுவோ, கடவுளை நேரே குற்றஞ்சாட்டும் இடத்திலும் 'நீர்' என்றே சொல்கிறான். மரியாதை குறையாமல் வரும் அந்தக் குற்றச்சாட்டு, ஒருமையில் வந்திருந்தால் இவ்வளவு கனத்திருக்காது.

ஆயினும் மக்களின் ஜெபம் ஏட்டின் இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை. ரோமர் நிருபத்தில் பவுல் எடுத்தாளும் அரமேயச் சொல்லான 'அபா', தமிழ் விவிலியத்தில் 'அப்பா' என்று எழுதப்பட்டபோது, அந்நியச் சொல் வீட்டுச் சொல்லாகவே ஒலித்தது. 'நீர்' என்று முறையாகத் தொடங்கும் வேண்டுதல், பிள்ளையின் காய்ச்சலையோ கட்டவேண்டிய கடனையோ எட்டும்போது 'இயேசப்பா' என்றும் 'நீங்க' என்றும் வழுவிவிடுவதுண்டு. எழுத்தில் திருத்திவிடக்கூடிய அந்த வழுவை, ஜெபத்தில் எவரும் திருத்துவதில்லை.