சிகரமும் கூலியும்

மலை உயர்ந்தது, ஆகவே அதன் உச்சியை எட்டிய மனிதனும் உயர்ந்தவன் என்று உலகம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறது. அம்முடிவு எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மலையேறுதல் வீண்செயல் என்று வாதிக்க நான் முற்படவில்லை. அச்சத்தையும் சோர்வையும் வென்று, தன் ஆற்றலின் எல்லையைத் தானே கண்டறிவது மனிதனுக்கு அழகுதான். ஆயினும் அங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. ஒருவன் தன் ஆசைக்காகத் தன் உயிரைப் பணயம் வைக்கலாம். அதே ஆசைக்காகப் பிறனொருவன் உயிரைக் கூலி கொடுத்து வாங்கிப் பணயம் வைக்கலாமா?

இக்கேள்விக்கு விடை தேட ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள ஷாமொனிப் பள்ளத்தாக்கைவிடச் சிறந்த இடம் இல்லை. இன்று அது பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்தது. அதற்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 4,800 மீட்டருக்கும் மேலாக ஓங்கி நிற்கிறது மோன் பிளாங் என்னும் வெண்சிகரம். அடிவாரத்திலே மாடு மேய்த்தும், சிறுநிலம் உழுதும், பாறை இடுக்குகளில் பளிங்குக் கல் தேடி விற்றும் வாழ்ந்த மக்களுக்குப் பன்னெடுங்காலம் அச்சிகரம் வெறும் பனிக்காடே. அதன்மீது ஏற வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

அத்தேவை வெளியிலிருந்து வந்தது. ஜெனீவா நகரத்து அறிஞர் சொஸ்யூர் என்பவர் 1760-ஆம் ஆண்டில் அச்சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவர்க்குப் பரிசளிப்பதாக அறிவித்தார். இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தன. 1786 ஆகஸ்டு 8-ஆம் நாள் மாலையில் அவ்வூர் மருத்துவர் பக்காரும், பளிங்குக் கல் தேடுபவரான பால்மாவும் உச்சியை அடைந்தனர். அவர்களிடம் கயிறு இல்லை. பனி வெட்டும் கோடரி இல்லை. நீண்ட கழிகளே துணை. ஒருவர்க்கு அறிவு வேட்கை. மற்றவர்க்குப் பரிசின்மேல் நாட்டம். எனினும் ஒருவர்க்கு நேரக்கூடிய அபாயம் மற்றவர்க்கும் நேரக்கூடியதாகவே இருந்தது. முன்னே செல்பவர் யார், பின்னே தங்குபவர் யார் என்று பிரித்துப் பார்க்க அங்கே இடமில்லை.

மறு ஆண்டு சொஸ்யூரே மலையேறினார். அவருடன் தம் பணியாளர் ஒருவரும், பதினெட்டு வழிகாட்டிகளும் சென்றனர். காற்றழுத்தமானி முதலிய கருவிகளையும் உணவையும் சுமந்தவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சொஸ்யூர் உச்சியிலே பல மணி நேரம் தங்கிச் செய்த ஆராய்ச்சிகள் அறிவுலகுக்குப் பயன்பட்டன. அதனை மறுப்பது நன்றியின்மை. ஆயினும் அன்றுமுதல் மலையேற்றத்தின் கணக்கு மாறிவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒருவர் பெயரில் ஏறும் மலையைப் பலர் கால்கள் ஏறத் தொடங்கின. நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்த பூகோள நூல்கள் சிகரத்தின் உயரத்தைச் சொல்லிக் கொடுத்தன. அதனை வென்றவர் பெயரையும் சொல்லிக் கொடுத்தன. சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பள்ளத்தாக்கு மக்களுக்கோ மலை பிழைப்பாயிற்று. 1808-இல் மோன் பிளாங் உச்சியை அடைந்த முதற்பெண் மரி பரடி என்பவர் ஓர் ஏழைப் பணிப்பெண். உச்சியை அடைந்தால் உன்னைக் காண வெளியூரார் வருவர், உனக்கு வருவாய் பெருகும் என்று உள்ளூர் வழிகாட்டிகள் சொன்னதைக் கேட்டே அவர் ஏறினார் என்பர். பொழுதுபோக்குக்காக ஏறுபவனுக்கும் பிழைப்புக்காக ஏறுபவனுக்கும் பனி ஒன்றே, குளிர் ஒன்றே, ஆனால் திரும்பிச் செல்லும் உரிமை ஒன்றாக இருக்கவில்லை.

1820 ஆகஸ்டில் அவ்வுண்மை இரத்தத்தால் எழுதப்பட்டது. ருஷிய நாட்டைச் சேர்ந்த அறிஞர் ஹாமெல் என்பவரும், ஆங்கிலேயர் இருவரும், வேறொருவரும் வழிகாட்டிகளை அமர்த்திக்கொண்டு புறப்பட்டனர். வழியிலே வானிலை கெட்டது, புதுப்பனி விழுந்தது. அனுபவம் மிக்க வழிகாட்டிகள் மேலே செல்லத் தயங்கினர். அமர்த்தியவர்களின் விருப்பமே வென்றது. உச்சிக்குக் கீழேயுள்ள சரிவில் புதுப்பனி பெயர்ந்து உருண்டது. மூன்று வழிகாட்டிகள் ஆழ்ந்த பனிப்பிளவினுள் தள்ளப்பட்டு மாண்டனர். அமர்த்தியவர்கள் அனைவரும் உயிரோடு ஊர் திரும்பினர்.

அப்பயணத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. கூட்டத்திலிருந்த நான்காமவர், மணமான மனிதன் இத்தகைய அபாயத்தில் தலையிட உரிமையற்றவன் என்று கருதி, பாதி வழியிலேயே தங்கிவிட்டார் என்பர். அவர் கருத்தை நாம் பழிக்க வேண்டுவதில்லை. அது பொறுப்புள்ள மனிதனின் கருத்து. ஆனால் அக்கருத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் வசதி அவருக்கு இருந்தது. மனைவி மக்களைக் குடிலில் விட்டுவந்த வழிகாட்டி ஒருவன் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் அதற்கு என்ன பெயர் கிடைத்திருக்கும்? சீமான் சொன்னால் விவேகம். கூலிக்காரன் சொன்னால் கோழைத்தனம். உலகத்தின் நீதி இப்படித்தானே நடக்கிறது?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். “வழிகாட்டிகளை யாரும் விலங்கிட்டு இழுத்துச் செல்லவில்லையே, கூலிக்கு இசைந்து தாமே வந்தவர்கள்தாமே?” என்று கேட்பவர் உளர். இவ்வாதம் வலிமை வாய்ந்ததுபோல் தோன்றும். ஆனால் இசைவு என்பது யாது? வேண்டாம் என்று சொல்லியும் வாழக்கூடியவனுடைய இசைவே இசைவு. வேண்டாம் என்றால் இன்றைய கூலியும் போய், நாளைய வேலையும் போய், அஞ்சி ஓடியவன் என்ற பெயரும் நிலைக்குமானால், அவன் தலையசைத்ததை இசைவு என்று கூறுவது மொழிக்கே இழுக்கு. ஒருவனுடைய உழைப்பை விலைக்கு வாங்கலாம். அவன் நேரத்தையும் வாங்கலாம். “இது அபாயம்” என்று சொல்லும் அவன் அறிவை விலைக்கு வாங்கி அடக்கிவிட இயலாது. மலையை அறிந்தவன் அவன். அவனுடைய சொல்லைப் புறக்கணிப்பவன் அறிவாளியாக இருப்பினும் அவ்விடத்தில் அறியாதவனே.

நான் தோட்டத்திலே கணக்கெழுதும் கிராணி. நாள்தோறும் பெயர்களை எழுதுவதே என் தொழில். செக்ரோலிலே பெயருக்கு எதிரே வேலை செய்த நாளுக்கு ஒரு கட்டம் உண்டு; கூலிக்கு ஒரு கட்டம் உண்டு; பிடித்தத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. “இவன் எச்சரித்தான்” என்று குறிப்பதற்கு மட்டும் எந்த ஏட்டிலும் கட்டம் இல்லை. ஷாமொனியில் நடந்ததைப் படிக்கும்போது என் மனம் அந்த இல்லாத கட்டத்தையே நினைக்கிறது.

அங்கே நடந்தது அழுகையோடு முடிந்திருந்தால் இக்கதையை எழுத வேண்டிய அவசியமே இராது. மறு ஆண்டு, 1821-இல், ஷாமொனி வழிகாட்டிகள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். விபத்துக்கு ஆளானவர்களின் குடும்பங்களுக்கு உதவப் பொதுநிதி ஒன்றை ஏற்படுத்தினர். வேலையை ஒருவரே அள்ளிக்கொள்ளாதபடி முறைவைத்துப் பகிர்ந்துகொண்டனர். பயணம் செய்பவர்களின் இரக்கத்தை அவர்கள் நம்பியிருக்கவில்லை. இரக்கம் இன்று இருக்கும், நாளை இராது. தனித்து நின்றபோது கூற முடியாத “வேண்டாம்” என்னும் சொல்லை, ஒன்றுசேர்ந்து நின்றால் கூற முடியும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். அச்சங்கம் இன்றும் இருந்து பணியாற்றி வருகிறது.

அம்முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முறைப்படி யார் வருகிறாரோ அவரையே ஏற்க வேண்டியிருப்பதால் திறமையுடையவரைத் தேர்ந்துகொள்ள வழியில்லை என்று ஆங்கில மலையேறிகள் பின்னாளில் குறை கூறினர். அக்குறையில் உண்மையும் உண்டு. ஆபத்தான இடத்தில் திறமையே உயிர் காக்கும். ஆனால் திருத்தப்படவேண்டிய முறை வேறு. ஒழிக்கப்படவேண்டிய முறை வேறு. அனைவர்க்கும் சோறு கிடைக்கும் ஏற்பாட்டில் உள்ள குறையைத் திருத்துவது எளிது. மூவர் மாண்டபின் அவர்களுடைய குடும்பம் யாரிடம் கையேந்துவது என்ற நிலைமையைத் திருத்த, முதலில் அவர்களை மனிதராக எண்ண வேண்டும்.

மாண்ட மூவரின் முடிவையும் கூறிவிடுகிறேன். பனியாறு அசையாததுபோல் தோன்றினும் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகர்வது. அதன் வேகத்தை அளந்த ஸ்காட்லாந்து அறிஞர் ஃபோர்ப்ஸ், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அம்மூவரின் உடல்கள் அடிவாரத்தை அடையும் என்று கணித்தார். அவர் கணித்தவாறே 1861-இல் பொஸ்ஸோன் பனியாற்றின் கீழ்முனையில் அவர்களுடைய எலும்புகளும் உடைத் துண்டுகளும் வெளிப்படலாயின. மேலே தள்ளி மறைக்கப்பட்டவர்களை நாற்பத்தோராண்டு கழித்து மலை ஊருக்குத் திருப்பிக் கொடுத்தது. இதிலே தெய்வச் செயல் ஒன்றும் இல்லை. இயற்கையின் கணக்கு அது. பனியாறு தன் கணக்கைத் தவறாமல் முடித்தது. மனிதர் முடிக்க வேண்டிய கணக்கோ இன்னும் மீதி இருக்கிறது.

ஆகவே அன்பர்களே, சிகரங்களை நோக்குங்கள், ஏற வல்லவர் ஏறுங்கள், இளைஞரை ஏறவிடுங்கள். ஆனால் எந்த உயரத்தைப் புகழுமுன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சுமந்தவன் யார்? அவன் எச்சரித்தபோது கேட்டவர் உண்டா? அவன் திரும்பாவிடில் அவன் வீட்டில் அடுப்பெரியுமா? மலைக்கு மட்டுமன்று, மனிதர் சேர்ந்து கட்டும் எல்லா உயரங்களுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். இவற்றுக்கு நேர்மையாக விடை கூற இயலுமானால் அவ்வுயரம் உயரமே. இயலாதாயின், பிறன் தோள்மீது நின்றவன் தன் உயரத்தை அளந்து காட்டிய கதையே அது.