அடைபட்ட ஊரில் பிள்ளைப் பருவம்

கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து எழுந்த போராட்டம் ஓய்ந்து நெடுங்காலம் ஆன பின்னும், அதன் வழக்குகளில் பெயர் அகப்பட்டிருந்த ஒரே காரணத்தால் இடிந்தகரை முதலிய கடற்கரையூர்களின் இளைஞர்களுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, வெளிநாடு சென்று பிழைக்கும் வழி அடைபட்டுப்போன செய்தியைப் பத்திரிகைகளில் படித்தவர்கள், அதை ஓர் அலுவலகத் தாமதம் என்று எண்ணியிருக்கக்கூடும். அப்படிக் கடந்துபோகத் தக்க விஷயமன்று அது. நாடு முழுவதற்கும் நன்மை என்று ராஜாங்கம் கருதும் ஒரு காரியத்துக்காக, ஓர் ஊரின் பிள்ளைகள் அத்தனைபேரையும் தடையுத்தரவுக்கும் போலீஸ் அச்சத்துக்கும் நடுவே வளரவிடுவது தர்மமா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. தர்மமன்று என்பதே இங்குத் துணிந்து சொல்லப்படும் முடிவு.

நடந்ததை முதலில் நினைவுகூர வேண்டும். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பிறந்தது இந்நிலையம். 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் நேர்ந்த விபத்துக்குப் பின், இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தலிட்டு மக்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அவர்களுடைய அச்சம் தீரும்வரை பணியை நிறுத்திவைக்குமாறு அவ்வாண்டு செப்டம்பரில் தீர்மானம் நிறைவேற்றிய தமிழக அமைச்சரவையே, 2012 மார்ச் 19 அன்று, சங்கரன்கோவில் இடைத்தேர்தலின் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், பணியைத் தொடரலாம் என்று தீர்மானித்தது. உடனேயே ராதாபுரம் வட்டத்தில் 144 தடையுத்தரவு விழுந்தது. ஊருக்குள் வரும் சாலைகளில் போலீஸ் நின்றது. பாலும் குடிநீரும் காய்கறியும் தடைப்பட்டதாக அங்கே சென்று வந்தோர் எழுதினார்கள். செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கூடியிருந்தவர்கள்மீது தடியும் கண்ணீர்ப்புகையும் பிரயோகிக்கப்பட்டன. அதே நாளில் மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் மாண்டார். வீடுகளுக்குள் போலீஸ் புகுந்ததையும், பிடிபட்டவர்களில் சிறுவர்களும் இருந்ததையும் உண்மையறியும் குழுக்கள் பதிவு செய்தன.

இவற்றையெல்லாம்விடக் கொடியது வழக்குப் பதிவு செய்யப்பட்ட முறை. 8,000-க்கும் மேற்பட்டோர்மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. முதல் தகவல் அறிக்கைகளில் சில பெயர்களை எழுதி, ‘மற்றும் பலர்’ என்றோ, ‘மற்றும் இரண்டாயிரம் பேர்’ என்றோ முடித்துவிடுவது வழக்கமாயிற்று. அந்த இரண்டாயிரத்தில் ஒருவன் யார் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே ஊரிலுள்ள ஒவ்வொருவனும் அவனாக இருக்கக்கூடும். தந்தை கடலுக்குப் போனாலும், அண்ணன் வள்ளியூருக்குச் சாமான் வாங்கப் போனாலும், திரும்பி வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ஐந்து பேர் ஒன்றாய் நின்றால் குற்றம், காக்கி கண்டால் ஒளிய வேண்டும், மனத்தில் உள்ளதை அந்நியர்முன் பேசலாகாது என்பவையே முதற்பாடங்களாகின்றன. எழுத்தறிவதற்கு முன்பே இப்பாடங்களை அறிந்த குழந்தையை எப்படிப்பட்ட பிரஜையாக எதிர்பார்க்கிறது இந்த ராஜாங்கம்?

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. அந்நாட்களில் தமிழகத்தின் பல ஊர்கள் நாளெல்லாம் மின்வெட்டில் வாடின. கோயம்புத்தூரின் சிறு பட்டறைகள் முடங்கின. ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு என்பது அற்பமான உதவியன்று. அணு உலையைக் காவலின்றி விட்டுவைக்க எந்த அரசாலும் இயலாது. குற்றம் செய்தவரைத் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்று வள்ளுவரே செங்கோன்மை அதிகாரத்தில் ஒப்புகிறார். ஆனால், களை எது, பயிர் எது என்று பிரித்தறியும் விவேகத்தை முன்வைத்தே அவர் அதைச் சொன்னார். பள்ளிப் பிள்ளையையும் சேர்த்து ஊரையே களையென்று எண்ணுவதற்கு அவர் அனுமதி தரவில்லை.

அதற்கடுத்த இரண்டு அதிகாரங்களையும் புரட்டிப் பார்ப்பவர்க்கு ஐயம் எழ இடமிராது. குடிகளை அலைக்கழிக்கும் வேந்தன் கொலைத்தொழில் புரிவோரைவிடக் கொடியவன் என்று கொடுங்கோன்மையிலும், குடிகள் வெருவும்படி நடப்பவன் விரைந்து கெடுவான் என்று வெருவந்த செய்யாமையிலும் அவர் அறுதியிடுகிறார்; செவி கசக்கும் சொல்லையும் பொறுக்கிற அரசனிடமே உலகம் தங்கும் என்பது இறைமாட்சியில் அவர் வைத்த இலக்கணம். உலை வேண்டாம் என்ற சொல் கசப்பான சொல்தான். அதைப் பொறுப்பதற்கே அரசு இருக்கிறது. பாண்டிய நாட்டு மரபும் இதுவே: இரவில் ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டி அவர்களை அஞ்சவைத்த பிழைக்காகத் தன் கையையே துணித்துக்கொண்டான் பொற்கைப் பாண்டியன் என்று சிலப்பதிகாரம் முதலாக நம் நூல்கள் பேசுகின்றன. அவன் ஆண்ட நாட்டின் தென்கடற்கரையில்தான் கதவுகள் தட்டப்பட்டன.

புறநானூற்றின் 46-ஆம் பாட்டு இவ்விஷயத்துக்கென்றே பாடப்பட்டது போலிருக்கிறது. பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடுவிக்கக் கிள்ளிவளவன் கொணர்ந்து நிறுத்தியபோது, கோவூர் கிழார் குறுக்கே நின்று, புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ என்று அரசனுக்கு அவன் குலத்தை நினைவூட்டினார். அதோடு விட்டாரில்லை. யானையைக் கண்ட வியப்பில் அழுகை மறந்து, பின் அந்த மன்றத்தையும் மனிதர்களையும் பார்த்துப் புதியதோர் அச்சத்தில் மருளும் அக்குழந்தைகளின் கண்களை அரசனுக்குக் காட்டினார். யானைக்கு அஞ்சாத குழந்தை அரசவைக்கு அஞ்சியது என்பதைவிட அரசவைக்கு இழுக்கு வேறென்ன வேண்டும்? பகைவனின் பிள்ளைகளுக்கே புலவர் மன்னிப்புக் கேட்டார். இடிந்தகரையின் பிள்ளைகள் பகைவனின் பிள்ளைகளும் அல்லர், இந்நாட்டுக் குடிகளின் பிள்ளைகள்.

அணுவும் அடைப்பும் சேர்ந்தே வருவதை உலகம் முன்பே பார்த்திருக்கிறது. சோவியத் நாட்டில் உரால் மலைப்பகுதியில், அணுகுண்டுக்காகப் புளூட்டோனியம் ஆக்கிய மாயாக் நிலையத்துக்கென எழுந்த ஓஸ்யோர்ஸ்க் என்ற நகரம் வரைபடத்திலேயே இடம்பெறாமல், முள்வேலிக்குள் வெறும் குறியெண்ணால் அழைக்கப்பட்டு வாழ்ந்தது. 1957-இல் அந்நிலையத்தின் கழிவுத்தொட்டி வெடித்ததை அரசு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. வேலிக்குள் பிறந்த பிள்ளைகளுக்கு மற்ற ஊர்களில் கிடைக்காத பண்டங்களும் நல்ல பள்ளிகளும் கிடைத்தன. தாம் வாழும் ஊரின் பெயரை வெளியாரிடம் சொல்லும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. கூடங்குளம் மின்சாரத்துக்கான நிலையம், நம் நாடு ஜனநாயக நாடு; இரண்டையும் சமமென்று சொல்வது அநியாயம். எனினும், கேள்வி கேட்பவனைத் துரோகி என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் ஜனநாயக நாட்டில் வேரூன்றினால், முள்வேலி இல்லாமலே அதே வளர்ப்பு நடந்துவிடும்.

ராஜத்துரோகம் என்ற அந்தச் சட்டப்பிரிவுக்கும் இந்தத் திருநெல்வேலிச் சீமைக்கும் பழைய கணக்கொன்று உண்டு. 1908-இல் இதே 124-ஏ பிரிவின் கீழ்த்தான் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே முன்னிலையில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார்கள். அந்நியன் தன் ஆட்சியைக் காக்கச் செய்த சட்டத்தை, சுயராஜ்யம் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின் சுதேச அரசு எடுத்து மீனவப் பெண்கள்மீதும் வீசியது. 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் அப்பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் ராஜத்துரோகம் என்ற பெயர் இல்லை. ஆயினும் 152-ஆம் பிரிவாக அதன் சாரம் தொடர்கிறது.

2013 மே 6 அன்று, நிலையம் இயங்கலாம் என்று தீர்ப்பளித்த அதே உச்சநீதிமன்றம், அப்பகுதியில் அமைதி திரும்பும்பொருட்டுப் போராடியவர்கள்மீதுள்ள குற்றவழக்குகளை விலக்கிக்கொள்ள முயல வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. உலையைப் பற்றிய பாதியை அரசு அவ்வாண்டு ஜூலையிலேயே நிறைவேற்றிவிட்டது. குடிகளைப் பற்றிய பாதி, ஆட்சிகள் மாற மாற, தவணை தவணையாகவே நடந்தது. அரசு ஆணையிட்டாலும் ஒவ்வொரு வழக்குக்கும் நீதிமன்றத்தின் இசைவு தனியே வேண்டும். அதற்கான அலைச்சலை இளைஞர்களின் தலையில் கட்டுவது அடாது. வழக்குத் தொடுத்தது அரசு. முடிந்த வழக்குகளின் பட்டியலைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் காவல் நிலையங்களுக்கும் அனுப்பி, முடியாதவற்றை முடித்து, விடுபட்டோர் ஒவ்வொருவர் கையிலும் எழுத்துமூலமான சான்று கொடுத்து வர வேண்டியதும் அரசுதான். அதிகாரிகள் அந்த ஊர்களுக்குத் தாமே சென்று அதைச் செய்ய வேண்டும்.