யார் ஏற்றினார்கள்?

கலசப்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடவுக்கும் களைக்கும் மல்லாட்டை பிடுங்கவும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் போகும் வண்டி பெரும்பாலும் சரக்கு வண்டிதான். குட்டி யானை என்கிறோம், லோடு ஆட்டோ என்கிறோம். முக்கால் டன் எடைக்குச் செய்யப்பட்ட அதன் பின்தட்டில் இருபது, இருபத்தைந்து பெண்கள் நிற்கிறார்கள். மூட்டை என்றால் ஏற்றிய இடத்தில் கிடக்கும். நிற்கிற உடல்கள் அப்படி இருப்பதில்லை, வளைவில் எல்லாமாக ஒரே பக்கம் சாயும். ஜவ்வாது மலையின் வளைவுகளில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். மலைமேல் உள்ள புலியூரிலிருந்து சேம்பறை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போன சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளும். அது கோயில் பயணம், கூலி வேலைக்கான பயணம் அல்ல. ஆனால் வண்டி அதே வகை வண்டி. அந்த மலைக்காரர்களுக்குத் திருவிழாவுக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்கும் கிடைப்பது அதுதான். இப்படி ஒரு விபத்து நடந்தால் உடனே எழும் பேச்சும் ஒன்றுதான்: "சரக்கு வண்டியில ஏறலாமா? தெரிஞ்சேதானே ஏறினாங்க."

இந்தத் 'தெரிஞ்சேதானே' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆபத்து தெரியும் என்பது உண்மை. பின்தட்டில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் தெரிவது வேறு, சம்மதிப்பது வேறு. வேண்டாம் என்று சொன்னால் வேறு வழி இருக்க வேண்டும், அப்போதுதான் சம்மதத்துக்குப் பொருள் உண்டு. நான்கு மணிக்கு எழுந்து சோறு வடித்து, பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டி, ஐந்தரைக்குத் தெருமுனையில் நிற்கிறவளுக்கு மேஸ்திரி அனுப்பும் வண்டி வருகிறது. ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை. இரண்டு நாள் ஏறாவிட்டால் மேஸ்திரியின் பட்டியலிலிருந்து பெயரே போய்விடும். இதைச் சம்மதம் என்று அழைப்பவர்கள், அவள் கணவனின் அடியையும் ஒருகாலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள்: தெரிந்துதானே கூட வாழ்கிறாள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2024 நிதிநிலை அறிக்கையில் மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கம் அறிவித்தார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இலவசம் என்பது பேருந்து வந்த பிறகு வருகிற சலுகை. நிலம் இருக்கிற இடத்துக்கு, வேலை தொடங்குகிற நேரத்துக்கு, பள்ளிவிட்டுப் பிள்ளை திரும்புமுன் வீடு சேர்கிற மாதிரி வருகிற பேருந்து எத்தனை?

சட்டத்தின் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் கசக்கிறது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்ற விதி சரியான விதி. யாரும் அதை எதிர்க்க முடியாது. ஆனால் விபத்து நடந்த மறுநாள் அந்த விதி யாருக்கு உதவுகிறது? 2002 இறுதியில் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்கு முன் தானே சொன்னதை மாற்றி, சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆம் பிரிவில் 1994இல் ஒரு திருத்தம் வந்திருந்தது: சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ வண்டியில் இருந்தால் காப்பீடு உண்டு. வண்டிக்காரரிடம் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கும் உண்டு.

இதைப் பெண்ணின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். அவளுடன் அவளுக்குச் சொந்தமான இரண்டு மூட்டை நெல் இருந்தால் அவள் உயிருக்கு விலை உண்டு. கையில் கதிர் அரிவாளும் தூக்குவாளியும் மட்டும் இருந்தால் இல்லை. நிலமற்றவளிடம் சரக்கு ஏது? அதனால்தான் இழப்பீடு கேட்டுப் போகிற குடும்பங்கள், செத்தவள் ஏதோ மூட்டையோடுதான் போனாள் என்று நிறுவப் பாடுபட வேண்டியிருக்கிறது. சில வழக்குகளில் நீதிமன்றம், காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுகிறது. அது நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்தது. உரிமை என்று அதைச் சொல்ல முடியாது.

வண்டி ஓட்டுகிற பையனை வில்லனாக்குவது எளிது. அவன் பெரும்பாலும் தவணையில் வண்டி எடுத்தவன். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதிவைத்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒற்றை வண்டிக்காரன் இரவெல்லாம் காய்கறி ஏற்றிவிட்டு விடிகாலையில் ஆள் ஏற்ற வந்தால் அவன் தூக்கத்தைக் கணக்கெடுக்க ஆளில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் மடக்கினால் பர்மிட்டை மீறியதற்கு 10,000 ரூபாய் அபராதம். அந்தப் பணம் கடைசியில் யார் கூலியிலிருந்து பிடிக்கப்படும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஒரு வாரம் கெடுபிடி நடந்தால் அந்த வாரம் பெண்களுக்கு வேலை இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கிற இது, பாதுகாக்கப்படுகிறவளுக்கே அபராதமாகிறது.

அப்படியானால் விதியைத் தளர்த்தலாமா? இல்லை. ஏழைக்கு ஓட்டை வண்டி போதும் என்கிற தர்க்கத்துக்கு நாம் துணைபோகக் கூடாது. கேள்வியை இடம் மாற்ற வேண்டும். அவள் ஏன் ஏறினாள் என்று கேட்பதை விட்டு, யாருடைய வேலைக்காக ஏற்றப்பட்டாள் என்று கேட்போம். அந்தப் பயணத்தால் பலன் பெற்றவர் நிலத்துக்காரர், தரகு பெற்றவர் மேஸ்திரி. விபத்துச் செய்தியில் ஓட்டுநரின் பெயர் வருகிறது, இறந்த பெண்களின் பெயர்கள் வருகின்றன. அறுவடை யாருடையது என்பது மட்டும் வருவதில்லை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சர்க்கரை ஆலைக்கு வேலைக்கு வரும் வழியில் விபத்தில் இறந்த காவலாளி ஒருவரின் வழக்கில், பயணத்துக்கும் பணிக்கும் தொடர்பு தெளிவாக இருந்தால் அது பணியின்போது நேர்ந்த விபத்துதான் என்று தீர்ப்பளித்தது. வேலைக்கு அழைத்தவரே வண்டியும் அனுப்பியிருக்கும்போது, இதைவிடத் தெளிவான தொடர்பு என்ன இருக்க முடியும்? ஆனால் ஆலைக் காவலாளிக்கு ஒரு முதலாளி உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. இவளுக்குத் திங்கட்கிழமை ஒரு நிலம், செவ்வாய்க்கிழமை வேறொன்று. முதலாளி யார் என்று நிறுவுவதிலேயே வழக்கு விழுந்துவிடும்.

எழுத்தில் இருக்கிற ஒரே சாட்சி மேஸ்திரியின் நோட்டுதான். யார் வந்தார்கள், எத்தனை நாள், எவ்வளவு பாக்கி என்று அதில் இருக்கும். கூலி கணக்குப் பார்க்கும் நாளில் அந்தப் பக்கத்தை இளைய பெண்களில் ஒருத்தி செல்போனில் படம் எடுத்துவைக்கலாம், நிலத்துக்காரர் பெயரையும் வண்டி எண்ணையும் அதில் எழுதச் சொல்லிவிட்டு.