கடைசி நேரத்துச் சம்மதம்

சாகுந் தறுவாயிலுள்ள ஒருவரிடம், இதுவரை எந்த மனிதரிலும் பரீட்சிக்கப்படாத வைத்தியமொன்றைச் செய்து பார்க்கலாமா என்று கேட்பது நீதியாகுமா? "எப்படியும் சாகப்போகிறவர்தானே, இழப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பார் சிலர். இச்சொல் எனக்கு என்றும் நெருடலாகவே இருந்து வந்திருக்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட அறிக்கையொன்றைப் பார்ப்போம். பெருங்குடலில் தோன்றிய புற்றுநோய் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவி, வழமையான வைத்தியங்கள் பலனளியாது போன ஒரு பெண். அவருடைய குருதியிலிருந்தே ரீ நிணநீர்க் கலங்களைப் பிரித்தெடுத்தனர். ஹேர்-2 என்னும் புரதத்தை இனங்கண்டு தாக்குமாறு அவற்றிற் புதிய பரம்பரையலகொன்றைச் சேர்த்து, ஆய்வுகூடத்திற் பெருக்கி, 1000 கோடி கலங்களை மீண்டும் அவருடலிற் செலுத்தினர். 15 நிமிடங்களுள் மூச்சுத் திணறத் தொடங்கிற்று. ஐந்தாம் நாள் அவர் இறந்தார். நுரையீரலின் நலமான கலங்களிலும் அப்புரதம் சிறிதளவு உண்டு. அதையே அக்கலங்கள் தாக்கின என்று ஆய்வாளர் கருதினர். ஏவிவிட்ட காவலாளிக்குப் பகைவனையும் வீட்டாரையும் பிரித்தறியத் தெரியவில்லை.

குருதிப் புற்றுநோயில் இம்முறை வெற்றி கண்டது. 2012இல் பிலடெல்பியாவில் ஆறு வயதுச் சிறுமியொருத்தி இதனாற் பிழைத்தாள். 2017இல் அமெரிக்க அரசு அனுமதியும் வழங்கியது. அங்கே அழிக்கப்படும் பீ கலங்களை இழந்தும் மனிதர் வாழலாம். நுரையீரலை இழந்து வாழ்வதெப்படி? கட்டியாக வளரும் புற்றுநோய்களில் உள்ள பெருஞ் சிக்கல் இதுதான். கட்டியில் மாத்திரம் காணப்படும் அடையாளம் கிடைப்பதரிது.

இனி நமது கேள்விக்கு வருவோம். சாகப்போகிறவருக்கும் மீதி நாட்கள் உண்டு. வீட்டாரோடு மனம்விட்டுப் பேசவும், பிணக்குகளைத் தீர்க்கவும், அமைதியாகக் கண்மூடவும் அந்நாட்களே உள்ளன. ஆகவே இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பது பொய்.

சம்மதம் தந்தாரே என்பர். கடனில் மூழ்கியவன் காணியை விற்கும்போது நின்று விலை பேசுவானா? மேலும், முதற்கட்டப் பரிசோதனையின் பிரதான நோக்கம் எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும் என்றறிவது. நோயாளியின் காதிலோ "சுகம்" என்ற சொல் மாத்திரமே விழுகிறது.

1952இல் உரோமையிற் கூடிய வைத்திய அறிஞரிடையே பேசிய பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இதனைத் தொட்டார். நோயாளி கொடுக்கும் அதிகாரத்துக்கு மேல் வைத்தியருக்கு அவர்மீது அதிகாரமில்லை என்றார். அறிந்த வழிகள் யாவும் பயனற்றுப்போய், ஆபத்து நிறைந்த புதிய வழியொன்றிற் குறிப்பிடத்தக்க நம்பிக்கையும் இருக்குமாயின், நோயாளியின் சம்மதத்துடன் அதனைக் கையாளலாம் என்றும் அனுமதித்தார். அந்தக் "குறிப்பிடத்தக்க நம்பிக்கை" முதற்கட்டப் பரிசோதனையில் உண்டா? பெரும்பாலும் இல்லையென்றே நான் எண்ணுகிறேன்.

அப்படியானால் நிறுத்திவிடுவதா? அதுவும் சரியன்று. அந்த ஆய்வாளர் தம் தோல்வியை மறைக்காது எழுதினர். பின்னர் ரெக்சாசில் வேறு வைத்தியர்கள், சற்று வேறாக அமைத்த கலங்களைக் கொண்டு, ஒரு சதுர மீற்றர் உடற்பரப்புக்கு வெறும் 10 ஆயிரம் கலங்களிலிருந்து தொடங்கி, படிப்படியாகக் கூட்டினர். 2015இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, சார்கோமா நோயாளர் 19 பேரில் எவருக்கும் அளவை நிறுத்தவேண்டிய கடுந்தீங்கு நேரவில்லை. நால்வரில் நோய் சிலகாலம் மோசமடையாது நின்றது. 2024இல் மூட்டுகளின் அருகே தோன்றும் ஒருவகைச் சார்கோமாவுக்கு, மாற்றியமைத்த ரீ கலங்களைக் கொண்ட வைத்தியம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இப்பயன்கள் அப்பெண்ணின் மரணத்தை நியாயப்படுத்துகின்றன என்று நான் சொல்ல மாட்டேன். பின்னால் வந்த நன்மையைக் காட்டி முன்னைய செயலை அளப்பது ஆபத்தான கணக்கு. அளக்கவேண்டியது கையொப்பத்துக்கு முன் பேசப்பட்டதையே. "இது உமக்கு உதவாமற் போகலாம், தீங்கும் செய்யலாம், உமக்குப் பின் வருபவருக்கே பெரும்பாலும் பயன்படும்" என்று வைத்தியர் வாய்திறந்து சொல்லி, நோயாளி வீட்டாரோடு ஓரிரு இரவுகள் யோசித்து, அதன் பின்பும் சம்மதிப்பாராயின், அவர் அங்கே ஆய்வுப்பொருளாக அல்ல, கொடையாளியாகவே நிற்கிறார். வேண்டாமென்று வீடு திரும்பும் நோயாளிக்கும் அதே வைத்தியர் வலி தணிக்கும் மருந்தைக் குறைவின்றிக் கொடுக்க வேண்டும்.