பிறவித் திறனும் பெற்ற திறனும்

கொல்ஃப் இரசிகர்கள் ஸ்பானிய வீரர் செவ்வே பலஸ்டெரோசைப் 'பிறவிக் கலைஞன்' என்பர். ஆங்கிலேயரான நிக் ஃபால்டோவையோ 'இயந்திரம்' என்பர். இப்பாகுபாடு நீதியானதா?

ஏற்கெனவே வெற்றிகள் பல கண்டிருந்த ஃபால்டோ, 1980களின் நடுப்பகுதியில், பயிற்றுநர் டேவிட் லெட்பெற்றரின் துணையுடன் தமது வீச்சுமுறையை அடியோடு மாற்றியமைக்க முற்பட்டார். ஏறத்தாழ ஈராண்டுகள் பெரும்பாலும் பின்னடைவே மிஞ்சியது. கைவந்த திறனைத் தாமே கலைத்துவிட்டு, அது மீளுமா என்ற உறுதியின்றி உழைப்பது எளிய துணிவன்று. 1987இல் மியூர்ஃபீல்ட் திடலில் நடைபெற்ற ஓப்பன் போட்டியின் இறுதி நாளில், 18 குழிகளையும் அவற்றுக்குரிய நியம அடிகளிலேயே முடித்து, ஓரடி வித்தியாசத்தில் அவர் வென்றார். அதையும் சுவையற்ற ஆட்டம் என்றோர் உளர்!

பலஸ்டெரோசும் வெறுங்கையுடன் பிறந்தவரே. பெட்ரேஞ்ஞா ஊர்க் கடற்கரையில், மூன்றாம் இலக்க இரும்புக் கோல் ஒன்றையே வைத்துக்கொண்டு, சிறுவயதில் அவர் இடையறாது அடித்துப் பழகினார். ஒரே கோலால் உயரவும் தாழவும் வளையவும் பந்தைச் செலுத்தும் வித்தையை அம்மணலே கற்பித்தது. அவ்வுழைப்பைப் பார்த்திருந்தோர் சிலரே. ஆதலால் அது 'இயல்பு' எனப் பெயர் பெற்றது. ஃபால்டோவின் உழைப்போ ஊரறிய நிகழ்ந்தது.

உழைக்கும் பொறுமையும் பிறவிக் கொடையே எனச் சிலர் வாதிக்கலாம். அவ்வாறாயின் ஃபால்டோ மட்டுமன்றிப் பலஸ்டெரோசும் புகழுக்கு உரிமை கோர இயலாது. இவ்வாதத்தை எழுப்புவோர் அதனை ஏற்கத் துணிவரா?