கொல்லும் கருவியின் சிற்றுரு

போர்க்கருவி ஒன்றைச் சிறிதாக்கிச் செய்து மேசையில் வைப்பது வெறும் கைவினையா, அறம் தொட்ட செயலா என்ற கேள்வி நவீன நீர்மூழ்கிகளின் மாதிரிகளில்தான் மிகக் கூர்மையாக எழுகிறது. பீரங்கியும் போர்விமானமும் மக்கள் முன்னே அணிவகுத்து வருவதுண்டு. நீர்மூழ்கியோ மறைந்திருப்பதற்கென்றே கட்டப்படுவது. பெரும்பாலோர் அதை முழு உருவில் பார்ப்பது மாதிரியில் மட்டுமே.

2017 டிசம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் கல்வரி நீர்மூழ்கி 67.5 மீட்டர் நீளம் உடையது. 350இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19 சென்ரிமீட்டருக்குச் சற்று மேல் வரும். நீளம் 350 மடங்கு குறையும்போது கனவளவு ஏறத்தாழ 4.29 கோடி மடங்கு குறைகிறது. மூழ்கிய நிலையில் சுமார் 1,775 தொன் நீரை விலக்கும் கப்பல், கையில் ஏந்தும் மாதிரியாகும்போது 41 கிராம் நீரைத்தான் விலக்கும். மாதிரி உண்மையாகவே நீருக்குள் மிதந்து நிற்க வேண்டுமென்றால் அதன் எடையும் அந்த 41 கிராமாகவே இருக்க வேண்டும். வானொலியால் இயக்கப்படும் பெரிய மாதிரிகள் நன்னீர்க் குளத்தில் ஓடும். உவர்நீர் வானொலி அலையை விழுங்கிவிடுவதால் மட்டக்களப்பு வாவி அவற்றுக்கு ஒத்துவராது.

உடலின் இரு பாதிகளையும் ஒட்டி, மூட்டுவாயை நிரப்பி, கோடு மறையும்வரை உப்புத்தாளால் தேய்ப்பதிலேயே வேலையின் பெரும்பகுதி கழிகிறது. இவ்வளவு பொறுமைக்குப் பிறகும் ஓரிடத்தில் கை தயங்குகிறது. கப்பலை உந்தும் சுழலியின் இதழ் வளைவு இராணுவ இரகசியம். கப்பல் கரையேறும் நாட்களில்கூட அதைத் துணியால் மூடிவிடுவது வழக்கம். கப்பலின் ஓசையின்மை பெரிதும் தங்கியிருக்கும் அந்த உறுப்பை மாதிரி செய்பவர் ஊகித்துத்தான் வடிக்கிறார்.

உருவத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவைத் தமிழ் மரபு இரண்டு விதமாக அணுகியிருக்கிறது. திருமூலர் திருமந்திரத்தில் காட்டுவது மரத்தால் செய்த யானை. யானையைக் காண்பவனுக்கு மரம் மறைகிறது, மரத்தைக் காண்பவனுக்கு யானை மறைகிறது. உலகத்துக்கும் பரம்பொருளுக்கும் சொன்ன உவமை இது என்றாலும், மாதிரி செய்பவரின் நிலைக்கும் பொருந்துகிறது. அவர் காண்பது மூட்டுவாயும் வண்ணப்பூச்சும் அளவும்தான். வேலை எவ்வளவு நுணுக்கமாகிறதோ அவ்வளவுக்கு ஆயுதம் பார்வையிலிருந்து விலகிப்போகிறது.

சமணரின் யசோதர காவியம் கேட்கும் கேள்வி இன்னும் கடுமையானது. தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்கு இணங்கிய மன்னன் யசோதரன், உயிருள்ள பறவைக்குப் பதிலாக மாவால் செய்த கோழியைப் பலியிடுகிறான். ஓர் உயிரும் சாகவில்லை. இருந்தும் தாயும் மகனும் பிறவி தோறும் விலங்காகவும் பறவையாகவும் பிறந்து வதைபடுகிறார்கள். கொல்லும் எண்ணத்தோடு வெட்டியதால் மாவும் உயிராகக் கணக்கில் ஏறிவிட்டது என்பது அக்காப்பியத்தின் தீர்ப்பு. மாதிரி செய்பவருக்குக் கொல்லும் எண்ணம் இல்லை; ஆகவே மாக்கோழியின் பாவம் அவரைச் சேராது. ஆனால் உருவம்தானே என்று சொல்லித் தப்ப முடியாது, எண்ணத்தைச் சோதித்தே ஆகவேண்டும் என்பதை இக்கதை நிறுவிவிடுகிறது.

ஆயுதத்தின் உருவை வணங்குவதும் கிழக்கிலங்கைக்குப் புதிதன்று. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடிக் கரையோரக் கிராமமான கதிரவெளிக்கு வடக்கே, வெருகல் ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோவில் இருக்கிறது. சைவர் முருகனின் வேலாயுதத்தை ஞானத்தின் வடிவமாகக் கொள்கிறார்கள். அங்கே படைக்கலம் தன் பழைய தொழிலை விட்டுப் புதிய பொருள் ஏற்கிறது. மேசை மேலுள்ள நீர்மூழ்கிக்கு அப்படியொரு மாற்றம் நிகழ்வதில்லை. அதன் அழகு முழுவதும் பழைய தொழிலிலிருந்தே வருகிறது.

அளவில் சிறியது என்பதும் தீர்வாகாது. 2009 பெப்ரவரியில் முல்லைத்தீவு மாவட்டத்தில் விடுதலைப் புலிகள் கட்டிக்கொண்டிருந்த சிறிய நீர்மூழ்கிகளை இலங்கை இராணுவம் கைப்பற்றியது. பின்னர் அவை புதுக்குடியிருப்பில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவையும் கையால் செய்த சின்னஞ்சிறு கப்பல்களே. அவற்றை மாதிரிகளிலிருந்து பிரிப்பது நோக்கம் ஒன்றுதான்.

அதே கதிரவெளி, ஆயுதத்தை மறுமுனையிலிருந்து அறிந்த ஊர். 2006 நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் இராணுவத்தின் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுட்டவர்கள் அந்தப் பாடசாலையைக் கண்ணால் காணவில்லை. இறந்தவர்களும் பீரங்கியைக் காணவில்லை. தொலைவிலிருந்து கொல்லும் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இந்தக் குருட்டுத்தன்மை நீர்மூழ்கியில் உச்சம் அடைகிறது. மாதிரி செய்பவர் கருவியை முழுமையாகக் காண்கிறார். இலக்கு மட்டும் அவருக்கும் தெரிவதில்லை. இந்தக் கலையின் குறை இதுவே. இது களையக்கூடிய குறையும்கூட.

எப்படிக் களைவது என்பதற்கு இந்தியாவின் தியூத் தீவில் ஒரு சான்று உண்டு. 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி தியூக் கரைக்கு அப்பால் இந்தியாவின் குக்ரி போர்க்கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். அவர்கள் நினைவிடத்தில், கடலைப் பார்த்தபடி, கண்ணாடிப் பேழைக்குள் குக்ரியின் மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. அதே கைவினை, அதே அளவுக் கணக்கு. ஆனால் இங்கே உருவம் பெற்றது தாக்குண்ட கப்பல். ஹங்கோரை 350இல் ஒரு பங்காகச் செய்தால் 16.5 சென்ரிமீட்டர், குக்ரி 27 சென்ரிமீட்டர். இரண்டையும் ஒரே பலகையில் வைப்பவர் யசோதர காவியத்தின் கேள்விக்குத் தன்னால் இயன்ற விடையைக் கொடுத்துவிடுகிறார்.